முகமூடி வாணிகம்

திருடன் ஒருவன் தொலைக்காட்சித் திரையிலே தோன்றினான். தோளைத் தாண்டி அகன்ற தொப்பி, தொங்கும் மீசை, இடுப்பின் இருபுறமும் துப்பாக்கி, இளித்தால் மின்னும் தங்கப் பல்! குள்ள உருவம், குழறும் ஆங்கிலம், கூடவே ஒரு பாட்டு! 1967ஆம் ஆண்டிலே அமெரிக்க ஐக்கிய நாட்டுக் குழந்தைகளுக்கு அறிமுகமான அந்தக் கேலிச் சித்திரக் கொள்ளையனின் பெயர் ஃபிரிட்டோ பண்டிட்டோ. அவன் கொள்ளையிட வந்தது பொன்னையன்று, பொருளையன்று, மக்காச்சோள வறுவலை! 'ஃபிரிட்டோஸ்' என்னும் வறுவலை விற்கும் நிறுவனம், தன் சரக்கின் சுவையைப் பறைசாற்ற, மெக்சிகோ நாட்டான் ஒருவனைத் திருடனாக்கி உலவவிட்டது. இத்துணைச் சுவையான பண்டம், இவன் களவாடிவிடுவான், எச்சரிக்கை! இதுதான் விளம்பரத்தின் கருத்து. குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தனர். பெற்றோரும் உடன் சிரித்தனர்.

அந்த வறுவலின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1932ஆம் ஆண்டு, பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலம். டெக்சாஸ் மாநிலத்துச் சான் ஆன்டோனியோ நகரிலே, சார்லஸ் எல்மர் டூலின் என்பார், மக்காச்சோள மாவைப் பிழிந்து பொரித்து விற்றுவந்த மெக்சிகர் ஒருவரிடமிருந்து, செய்முறையையும் பிழியும் கருவியையும் வாடிக்கைக் கடைகளையும் 100 டாலருக்கு வாங்கினார். அந்த 100 டாலர்தான் பின்னர்ப் பெருந்தொழிலாக வளர்ந்தது. மக்காச்சோளத்தைப் புல்லினத்திலிருந்து பயிராக்கி உலகுக்கு அளித்தவர்களும் மெக்சிகோ மண்ணின் பழங்குடி மக்களே. பயிர் அவர்களுடையது, பக்குவம் அவர்களுடையது, விற்றவரும் அவர்களுள் ஒருவர். ஆயினும், 35 ஆண்டுகள் உருண்டபின், திரையிலே திருடனாக நிற்பவன் யார்? மெக்சிகன்! செய்முறையைத் தந்தவர் திருடராகிறார். வாங்கியவர் பறிகொடுக்க இருப்பவராகிறார்! விந்தையினும் விந்தையன்றோ இது!

"சிரிக்க வைத்தார்கள், சிரித்தார்கள், இதிலே அறம் என்ன, மறம் என்ன? விளம்பரச் சித்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு விசாரணை நடத்துவதா?" என்று கேட்பார் உளர். கேட்கட்டும். கேள்வி நல்லதே. ஒரு மக்களினத்தைப் பற்றிய வார்ப்புருவை ஓயாது காட்டுவது வெறும் சுவைக் குறைவா, அல்லது நீதிக் கேடா? நீதிக் கேடு எனில், அந்தக் கேடு எதில் இருக்கிறது? உருவம் இழிவானதாக இருப்பதிலா, பொய்யானதாக இருப்பதிலா, அல்லது இவ்விரண்டுக்கும் அடியில் கிடக்கும் வேறொன்றிலா? பகுத்தறிவுடையோர் இதனை ஆராய்ந்தே ஆகவேண்டும். சான்று கேளாமல் மனத்திலே குடியேறும் எண்ணம் எதுவாயினும் அது மூடநம்பிக்கையே. அது கோபுர வாயில் வழியே வந்தாலென்ன, மின்திரை வழியே வந்தாலென்ன?

லத்தீனோ மக்கள் என்று அமெரிக்காவிலே குறிக்கப்படுவோர், மெக்சிகோ, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியவற்றின் வழிவந்தோர். 2020ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அவர்கள் 6 கோடியே 21 இலட்சம் பேர். ஐவருக்கு ஒருவர் என்னும் அளவை நெருங்கியவர்கள். அவர்களை நேற்று வந்தவர்கள் என்று எண்ணுவது வரலாறு அறியாமை. போரில் தோற்ற மெக்சிகோ, 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கலிபோர்னியா உள்ளிட்ட மாபெரும் நிலப்பரப்பை இழந்தது. அங்கு வாழ்ந்த மெக்சிகர், வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வேற்று ஆட்சியின்கீழ் வந்துவிட்டனர். 1898இல் ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றப்பட்ட போர்ட்டோ ரிக்கோத் தீவின் மக்களுக்கு 1917இல் அமெரிக்கக் குடியுரிமை தரப்பட்டது. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கியூபாவை விட்டு வந்தோரின் கதை வேறு. உள்நாட்டுப் போரின் கொடுமை தாங்காது எல் சால்வடாரிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் ஓடிவந்தோரின் கதை வேறு. அவர்களுள் வெண்ணிறத்தாரும் உளர், கருநிறத்தாரும் உளர்; ஸ்பானியம் பேசுவோரும் உளர், மாயா மொழிகளைப் பேசுவோரும் உளர். உழவர், மருத்துவர், நீதிபதி, படைவீரர், பக்தர், நாத்திகர் எல்லாரும் உளர். இத்தனை வகையினரை, இத்தனை வரலாறுகளை, ஒரே தொப்பிக்குள் அடக்கிக் காட்டியதுதான் திரையின் திறமை!

அந்தத் தொப்பியைத் தைத்தது தொலைக்காட்சியன்று. தொலைக்காட்சி அதைத் தாயச் சொத்தாகப் பெற்றது. ஊமைப்படக் காலத்திலேயே, மெக்சிகரை இழித்துரைக்கும் 'கிரீசர்' என்னும் வசைச் சொல்லைப் படத்தின் தலைப்பிலேயே பொறித்துக் காட்டினர். 1908இல் கிரிஃபித் இயக்கிய படமொன்றின் தலைப்பிலேயே அச்சொல் உண்டு. பொறுத்துப் பார்த்த மெக்சிகோ அரசு, 1922ஆம் ஆண்டு, தம் மக்களை இழிவுபடுத்தும் படங்களை எடுக்கும் நிறுவனங்களின் படங்களுக்குத் தம் நாட்டிலே தடை விதித்தது. சந்தை பறிபோகும் என்றதும் படமுதலாளிகள் சற்றே அடங்கினர். மானத்தைச் சொன்னபோது கேளாத செவி, வருமானத்தைச் சொன்னதும் கேட்டது!

வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி நுழைந்த காலத்தில், மூன்று முகமூடிகள் ஆயத்தமாகக் காத்திருந்தன. அச்சமூட்டும் கொள்ளைக்காரன் ஒருவன். சிரிப்பூட்டும் கோமாளி ஒருவன். மயக்கமூட்டும் ஆடலழகி ஒருத்தி. ஆண்டுகள் உருண்டன, உடைகள் மாறின, முகமூடிகள் மாறவில்லை. குதிரையேறி வந்த கொள்ளையன், பிற்காலத்தில் போதைப்பொருள் வணிகனாகி மோட்டாரில் வந்தான், அவ்வளவே மாற்றம்.

1960ஆம் ஆண்டுகளின் விளம்பரம் ஒன்றைக் கேளுங்கள். வியர்வை நாற்றம் போக்கும் 'அரிட்' என்னும் பண்டத்துக்கானது. புழுதி படிந்த மெக்சிகோக் கொள்ளையர் கூட்டம். தலைவன் அக்குளில் மருந்தைத் தெளித்துக்கொள்கிறான். உடனே ஒரு குரல் கூறுகிறது, இவனுக்கே பயன்தரும் என்றால் உங்களுக்குப் பயன்தராதா என்னும் பொருள்பட! ஒரு மருந்தை விற்க ஓரினத்தையே நாற்றமடிக்கச் செய்தனர்! 1959இல் தோன்றிய ஹோசே ஹிமேனெஸ் என்னும் கோமாளிப் பாத்திரத்துக்கோ, ஆங்கிலம் தடுமாறுவதே நகைச்சுவை. அவ்வேடம் புனைந்த பில் டானா, லத்தீனோ மரபினர் அல்லர். ஹங்கேரிய யூத வழியினர். எதிர்ப்பு வலுத்தபின், 1970ஆம் ஆண்டு அவ்வேடத்தைக் கைவிட்டார். எண்ணிப் பாருங்கள்: இரண்டாம் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசுபவன், இரு மொழிகளில் உலகைக் காண முயல்பவன். அவனைக் கண்டு நகைப்பவன், ஒரு மொழியோடு நின்றுவிட்டவன். இருவருள் நகைப்புக்குரியவன் எவன்?

மூன்றாவது முகமூடியின் கதைதான் நெஞ்சை உறுத்துவது. போர்ச்சுகலில் 1909இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பிரேசிலுக்குச் சென்று, அங்கே பாடகியாகப் புகழ்பெற்றவர் கார்மென் மிராண்டா. 1939இல் அவர் நியூயார்க் வந்தார். ஹாலிவுட் அவர் தலைமீது கனிகளை அடுக்கி ஆடவிட்டது. 1944ஆம் ஆண்டு, யுனைட்டட் ஃபுரூட் கம்பெனி, அதே பாணியில் கனித்தொப்பி அணிந்து ஆடிப்பாடும் வாழைப்பழ மங்கை ஒருத்தியைப் படைத்தது, பெயர் சிக்கிட்டா. வாழைப்பழத்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர் என்று அமெரிக்க இல்லத்தரசியருக்குப் பாடிப் பாடிப் பாடம் சொன்னாள் அவள். இனியவள், எந்நேரமும் சிரிப்பவள், கூலி கேளாதவள்!

கூலி கேட்டவர்கள் என்ன ஆனார்கள்? 1928ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், கொலம்பியா நாட்டுச் சியேனகா நகரிலே, இதே கம்பெனியின் வாழைத்தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, படையினர் அவர்களைச் சுட்டு வீழ்த்தினர். குவாத்தமாலாவிலோ, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹகோபோ ஆர்பென்ஸ் அரசு, 1952இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. பயிரிடாமல் கிடந்த பெருநிலங்களை எடுத்து, நிலமற்ற உழவர்க்கு வழங்க முனைந்தது. நாட்டின் மிகப் பெரிய நிலவுடைமையாளர் யார்? யுனைட்டட் ஃபுரூட்! வரிக்காகக் கம்பெனி தானே எழுதிக் கொடுத்த மதிப்பையே இழப்பீடாகத் தர அரசு முன்வந்தது. அது ஏறத்தாழ 6 இலட்சத்து 27 ஆயிரம் டாலர். வரி கட்டும்போது குறைத்துக் காட்டிய நிலத்துக்கு, விலை கேட்கும்போது மதிப்பு உயர்ந்துவிட்டது: கேட்ட தொகை 1 கோடியே 58 இலட்சம் டாலருக்கு மேல்! மக்கள் கருத்தை உருவாக்குவதில் வல்லவர் எனப் பெயர் பெற்ற எட்வர்ட் பெர்னேஸ், கம்பெனியின் பணியிலே இருந்தார். செய்தியாளர்களைக் குவாத்தமாலாவுக்கு அழைத்துச் சென்று, அங்கே பேராபத்து முளைத்துவிட்டது என எழுதும் சூழலை உண்டாக்கினார். 1954ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்க உளவுத்துறை திட்டமிட்ட படையெடுப்பால் ஆர்பென்ஸ் அரசு கவிழ்ந்தது. பின்னர் 1960 முதல் 1996 வரை அந்நாட்டை உள்நாட்டுப் போர் உலுக்கிற்று. 2 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாயா மக்கள்.

சிக்கிட்டாவின் பாட்டு ஓர் அரசைக் கவிழ்த்தது என்று நான் கூறவில்லை. கவிழ்த்தவை பணமும் படையும் சதியும். நான் கேட்பது இது: மக்களாட்சியின் தாயகம் எனத் தம் நாட்டைப் போற்றிய கோடிக்கணக்கான அமெரிக்கர், ஏன் திடுக்கிட்டு எழவில்லை? பழம் வரும் திசையிலே ஆட்டமும் பாட்டும் இருக்கும் என்று அறிந்திருந்தார்கள். சட்டமன்றம் இருக்கும், ஏழை உழவனின் ஏக்கம் இருக்கும், அந்த ஏக்கத்துக்கு விடைகாண முயலும் அரசு இருக்கும் என்று எண்ணிப் பழகவில்லை. ஆடும் பொம்மைக்கு நியாயம் கேட்க எவர் எழுவார்?

அதே 1954ஆம் ஆண்டுக் கோடையில், மெக்சிகோத் தொழிலாளரைப் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ளும் பெருநடவடிக்கையை அமெரிக்க அரசு நடத்தியது; அந்நடவடிக்கைக்கு அரசு சூட்டிய பெயரிலேயே அவர்களைக் குறிக்கும் வசைச்சொல் இருந்தது! அதே ஆண்டில், கியூபாவில் பிறந்த டெசி ஆர்னாஸ் நடித்த 'ஐ லவ் லூசி' என்னும் தொடரை அந்நாட்டு மக்கள் வாரந்தோறும் கண்டு மகிழ்ந்தனர். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. திரையிலே ஒருவரை நேசிப்பது எளிது. அந்த நேசம் தெருவிலே வருபவரைச் சென்று சேர்வதில்லை.

இனி, மறுப்புரைகளைப் பார்ப்போம். "கொள்ளையர் மெக்சிகோவில் இல்லையா? போதைப்பொருள் வணிகர் கொலம்பியாவில் இல்லையா? உள்ளதைக் காட்டுவது குற்றமா?" என்பர். இல்லை என்று எவர் சொன்னார்? ஜெசி ஜேம்ஸ் என்னும் வெள்ளை அமெரிக்கனும் கொள்ளையன்தான். ஆயினும் அவனைப் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு, மிசூரி மாநிலத்தார் எல்லாரும் கொள்ளையர் என்று எவரும் கருதுவதில்லை. வெள்ளையன் திருடினால் அது அவன் செயல். மெக்சிகன் திருடினால் அது அவன் இனத்தின் இயல்பு! குற்றம் ஒன்றே, கணக்கு எழுதும் ஏடு மட்டும் வேறு.

கொலம்பியாவின் பாப்லோ எஸ்கோபார் 1993இல் சுட்டுக் கொல்லப்பட்டான். 2015ஆம் ஆண்டு 'நார்கோஸ்' என்னும் தொடரிலே மீண்டும் உயிர்பெற்று உலகமெங்கும் உலவினான். அவன் பெயரை அறியாத இளைஞர் இன்று அரியர். அவனை எதிர்த்து எழுதிய ஏட்டாசிரியர் கியேர்மோ கானோவை அறிந்தவர் எத்தனை பேர்? 'எல் எஸ்பெக்டாடோர்' நாளேட்டின் ஆசிரியரான அவர், 1986ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் தம் அலுவலகத்தின் வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார். நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனியா, 1984இலேயே உயிரைக் கொடுத்தார். கொலைகாரனும் கொலம்பியன், கொலைக்கு அஞ்சாது நின்றவர்களும் கொலம்பியரே. ஒருவனை நாட்டின் முகமாக்கி, மற்றவர்களை முகமற்றவராக்குவது உள்ளதைக் காட்டுவது ஆகுமா? பாதி உண்மை, முழுப் பொய்யைவிடத் தந்திரமானது. அதனிடம் சான்று கேட்டால், தன்னிடம் உள்ள பாதியை எடுத்து நீட்டும்!

"இழிவாகக் காட்டுவதுதான் தவறு" என்று முடிவுகட்ட விரைவோரும் உளர். அவர்களைச் சற்றே நிறுத்தி இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, ஸ்பீடி கொன்சாலஸ் என்னும் கேலிச் சித்திர எலியின் செய்தி. 1953இல் தோன்றி, 1955இல் வெளிவந்து அகாதமிப் பரிசு பெற்ற படத்தின் நாயகன். அவனுக்கும் அகன்ற தொப்பிதான், உச்சரிப்புக் கேலிதான். வறுவல் திருடனுக்குக் குரல் கொடுத்த மெல் பிளாங்க்தான் இவனுக்கும் குரல். 1999இல் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இவனை ஒளிபரப்பாமல் நிறுத்திவைத்தது. ஆனால், இவன் வேண்டும் என்று கேட்டோருள் லத்தீனோ மக்களே பலர்! 2002இல் மீண்டும் வந்தான். ஏன் வேண்டினர்? இவன் பூனையை வெல்பவன். பசித்த எலிகளுக்கு உணவு கொணர்பவன். வலியவனை ஏமாற்றி எளியவரைக் காப்பவன். இவனைச் சுற்றியிருந்த சோம்பேறி எலிகளோ பழைய வார்ப்பே. ஆகவே, நகைச்சுவை கூடாது என்பதன்று நம் கட்சி. யார் யாரைக் கண்டு சிரிக்கிறார், சிரித்து முடித்தபின் யார் உயர்ந்து நிற்கிறார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இரண்டாவது, நடிகை லூப்பே ஒன்டிவெரோசின் செய்தி. டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில் 1942இல் பிறந்தவர், சமூகப் பணியாளராக இருந்து நடிப்புக்கு வந்தவர், 2012இல் மறைந்தவர். வீட்டு வேலைக்காரி வேடத்தில் 150 முறைக்கு மேல் நடித்ததாகத் தாமே கணக்குச் சொன்னவர். 150 முறை! நடிப்பிலே வல்லவர், அமெரிக்காவிலே பிறந்து வளர்ந்தவர், ஆயினும் உடைந்த ஆங்கிலம் பேசுமாறு கேட்டனர். கேட்டதும் நெஞ்சம் கொதிக்கிறது. ஆனால், தோழர்களே, கொதிக்கும் நெஞ்சு எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். "எங்களைப் போய் வேலைக்காரியாகக் காட்டுவதா!" என்று சீறுவோமானால், வேலைக்காரியை நாமும் இழித்தவராவோம். பிறர் வீட்டைத் துடைத்துத் தம் பிள்ளையைப் படிக்கவைக்கும் பெண், எவரினும் தாழ்ந்தவளல்லள். ஒன்டிவெரோசும் அந்த உழைப்பாளிப் பெண்களுக்கு மதிப்புத் தேடித்தரவே முயன்றார். 2005இல் வந்த, லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தம் குரலை வழங்கினார். கேடு, வேலைக்காரி என்பதில் இல்லை. பெயரில்லாத வேலைக்காரி, ஊரில்லாத வேலைக்காரி, மாலையில் வீடு திரும்பியபின் என்ன எண்ணுகிறாள் என்று எவரும் கேளாத வேலைக்காரி! கதவைத் திறக்கவும் காப்பி கொடுக்கவும் மட்டும் படைக்கப்பட்டவள்! அதுவே கேடு.

காட்டுவதில் கேடு இருப்பதுபோல, காட்டாதிருப்பதிலும் கேடு உண்டு. 1999ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்துக்கென அமெரிக்கப் பெருந்தொலைக்காட்சி நிறுவனங்கள் அறிவித்த 26 புதிய தொடர்களில், முதன்மைப் பாத்திரத்தில் வெள்ளையர் அல்லாதார் ஒருவரும் இல்லை! கறுப்பின மக்களின் அமைப்புகளும் லத்தீனோ அமைப்புகளும் கண்டனம் எழுப்பிய பின்னரே சில பாத்திரங்கள் சேர்க்கப்பட்டன. முகமூடி அணிந்தால் உள்ளே வரலாம்; முகத்தோடு வந்தால் கதவு மூடப்படும் என்பது எத்தகைய விருந்தோம்பல்!

இழிக்கும் முகமூடி எதிர்ப்பால் கிழிந்தது. உடனே வணிகம் வாளாவிருந்ததா? புகழும் முகமூடி ஒன்றைத் தைத்தது! 1962இல் தொடங்கிய ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி நிறுவனம் நாடெங்கும் வளர்ந்தது. பின்னாளில் யூனிவிஷன் எனப் பெயர் பெற்றது அதுவே. 1980ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே வீடுதோறும், ஸ்பானிய வழியினரா என்னும் கேள்வி கேட்கப்பட்டது. தலையை எண்ணியதும் பணப்பையும் எண்ணப்பட்டது. விளம்பர நிறுவனத்தார், அவர்களுள் லத்தீனோ மரபினரே பலர், பண்டம் விற்போரிடம் சென்று பாடிய பல்லவி என்ன? இம்மக்கள் குடும்பப் பாசம் மிகுந்தவர்; பக்தி மிகுந்தவர்; ஒரு பண்டத்தை ஏற்றால் அதையே விடாது வாங்குவோர்! புகழ்மொழிதான். ஆனால் யாரைப் புகழ்ந்தார்கள்? குடும்பத்தோடு முரண்பட்ட மகள் எங்கே? கோயிலை மறுத்த இளைஞன் எங்கே? சங்கம் அமைத்த தொழிலாளி எங்கே? அவர்கள் வாங்கும் கூட்டமாக மாட்டார்கள். ஆகவே படத்தில் இடமில்லை. திருடன் என்ற முகமூடி மூச்சை அடைத்தது. நல்ல வாடிக்கைக்காரன் என்ற முகமூடியோ மணம் பூசப்பட்டிருந்தது. அதுவும் மூச்சை அடைக்கத்தான் செய்தது.

சொந்த வீட்டுச் சுவரிலும் கறை உண்டு. மெக்சிகோவிலே தயாரான தொலைக்காட்சித் தொடர்களில் நாயகன் வெண்ணிறத்தான். நாயகி பொன்னிறக் கூந்தலாள். பழங்குடி முகத்தாள் பணிப்பெண். இதுவே நெடுநாள் வழக்கம். மிக்ஸ்டெக் பழங்குடியில் பிறந்த யாலிட்சா அப்பாரிசியோ, 2018ஆம் ஆண்டின் 'ரோமா' படத்திலே நடித்து, சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றபோது, அவர் பிறப்பை இழித்துப் பேசிய தொலைக்காட்சித் தொடர் நடிகர் ஒருவர் பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பேசியவர் வெள்ளை அமெரிக்கரல்லர், மெக்சிகரே! இழிவுக்கு ஆளானவர் என்பதாலேயே எவரும் இழிவு செய்யாதவராகிவிடுவதில்லை. மேலேயிருந்து வாங்கிய அடியைக் கீழேயிருப்பவனுக்குக் கொடுக்கும் கொடுமையை நாம் அறியாதவர்களா?

ஆகவே, தொடக்கத்திலே எழுப்பிய கேள்விக்கு விடை காணும் இடத்துக்கு வந்துவிட்டோம். கேடு இழிவில் மட்டும் இல்லை. புகழும் முகமூடியும் கேடு செய்கிறது. பொய்யில் மட்டும் இல்லை. உண்மையான கொள்ளையனைக் காட்டியும் கேடு செய்ய முடிகிறது. அடிப்படைக் கேடு இதுவே: ஒருவனைக் காணுமுன்பே அவனைக் கண்டுவிட்டதாகச் செருக்குக் கொள்ளுதல், அவன் வாய் திறக்குமுன்பே அவன் சொல்லப் போவது இன்னதென முடிவுகட்டுதல். மனிதனுக்குரிய உரிமைகளிலே எழுதப்படாத உரிமை ஒன்று உண்டு. அது, தன்னைப் பற்றிய பிறர் கணிப்பைப் பொய்யாக்கும் உரிமை. நல்லவன் எனக் கருதப்பட்டவன் தீயவனாகலாம். மூடன் எனக் கருதப்பட்டவன் அறிஞனாகலாம். கல்லுக்கு அந்த உரிமை இல்லை, பொம்மைக்கு இல்லை, மனிதனுக்கு உண்டு. அதைப் பறித்தபின், அவனுக்கு என்ன நேர்ந்தாலும், அஃது இயல்பாகவே நேர்ந்ததாகத் தோன்றும். நிலம் பறித்தாலும், நாடு கடத்தினாலும், ஆட்சியைக் கவிழ்த்தாலும் கேட்பாரில்லை.

வேறு வழியில் காட்ட முடியாதா? முடியும், காட்டியிருக்கிறார்கள். 'செசமி ஸ்டிரீட்' என்னும் குழந்தைகள் நிகழ்ச்சியில் 1971ஆம் ஆண்டு முதல் மரியாவும் லூயிசும் தோன்றினர். நடித்தவர்கள், போர்ட்டோ ரிக்கோ வழிவந்த சோனியா மன்சானோவும், மெக்சிகோ வழிவந்த எமிலியோ டெல்காடோவும். தெருவிலே பழுது பார்க்கும் கடை நடத்துவார் லூயிஸ், உடைந்ததைச் செப்பனிடுவார், ஸ்பானியமும் பேசுவார், ஆங்கிலமும் பேசுவார். மரியா நூல் படிப்பாள், கோபிப்பாள், சிரிப்பாள், வளர்வாள். 1988இல் இருவருக்கும் நிகழ்ச்சியிலேயே மணம் நிகழ்ந்தது. துப்பாக்கியில்லை, கனித்தொப்பியில்லை, கண்ணீர் வெள்ளமுமில்லை. அண்டை வீட்டார் இருவர், அவ்வளவே! அந்த 'அவ்வளவே' என்னும் நிலையை அடைய எத்தனை ஆண்டுப் போராட்டம்!

ஆம், போராட்டம். வறுவல் திருடன் தானாக மறையவில்லை. அவன் திரையிலே திரிந்த அதே காலத்தில், கலிபோர்னியாவின் டெலானோப் பகுதியில், ஃபிலிப்பைன் தொழிலாளர் 1965இல் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தில் மெக்சிகோத் தொழிலாளரும் இணைந்து, 1970 வரை போராடினர். திராட்சை வாங்காதீர் என்று நாட்டையே கேட்டுக்கொண்டு, ஒப்பந்தம் பெற்றனர். அன்று வயலிலே நியாயமான கூலி கேட்டவனை, வரவேற்பறைத் திரை வறுவல் திருடனாகக் காட்டிக் கொண்டிருந்தது! மெக்சிக அமெரிக்க அமைப்புகள் கண்டனம் முழங்கின. நிறுவனம் என்ன செய்தது? திருடனின் தங்கப் பல்லைப் பிடுங்கிற்று. தாடி மயிரை மழித்தது. முகத்தைச் சற்றே இனிமையாக்கிற்று. திருட்டை மட்டும் விட்டுவைத்தது! அமைப்பினர் ஏமாறவில்லை. மேற்குக் கரைத் தொலைக்காட்சி நிலையங்கள் சில, அவ்விளம்பரத்தை ஏற்க மறுத்தன. 1971இல் திருடன் ஓய்வு பெற்றான்.

இளைஞர்களே! இன்று அந்நாட்டுத் தொடர்கள் நம் கைப்பேசியிலும் ஓடுகின்றன. நாம் ஒருபோதும் சந்தித்திராத கொலம்பியனைப் பற்றியும் மெக்சிகனைப் பற்றியும் நம் உள்ளத்தில் ஓர் உருவம் எப்படியோ குடியேறிவிட்டது. அதற்கு நாம் சான்று கேட்டதுண்டா? பொழுதுபோக்குத்தானே என்று கதவைத் திறந்து வைத்தோம். பொழுது போயிற்று, பொய் தங்கிவிட்டது! படம் பார்க்காதீர் என்று நான் கூறமாட்டேன். பாருங்கள்; பார்க்கும்போது கேளுங்கள். இந்தப் பாத்திரத்துக்குப் பெயருண்டா? இவன் நம்மை வியக்கவைக்கக்கூடிய ஒரு சொல்லேனும் பேசினானா? இவனை இவ்வாறு காட்டுவதால் எவர் பை நிறைகிறது? இவனைப் போன்ற ஒருவன் நாளை நிலத்தை இழந்தால், நாட்டை விட்டுத் துரத்தப்பட்டால், இந்தப் படத்தைப் பார்த்த என் நெஞ்சு பதைக்குமா, பழகிப் போனதாக வாளா இருக்குமா?

கடைசிக் கேள்விக்கு விடை சொல்லத் தயங்குவோமானால், முகமூடி அவன் முகத்தில் இல்லை. நம் கண்ணில் கட்டப்பட்டிருக்கிறது. அதை அவிழ்க்க நமக்கு வேறொருவர் கை வேண்டுமா?